ராணிக்கு வயதாகிவிட்டதா?

லயத்தின் பின்புறம் ஒரு தேன்பெட்டி வைத்திருக்கிறீர்கள். எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்களைத் தண்ணீர் டின்களில் நிறுத்தியிருக்கிறீர்கள். போன வருடம் கித்தா மரங்கள் இலை உதிர்த்துக் கொழுந்து விட்டபோது நாலு போத்தல் தேன் கிடைத்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு அது உதவியது. இந்த வருடமோ ஒரு போத்தலுக்கே வழியைக் காணோம். "ராணிக்கு வயதாகிவிட்டது. நசுக்கிப் போடுங்கள், வேறு ராணியை அவையே உண்டாக்கிக்கொள்ளும்" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

கொஞ்சம் பொறுங்கள். அண்ணன் சொல்வதில் பாதிதான் சரி.

நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கு இந்த நாட்டில் பனிக்கால ஓய்வு கிடையாது. ராணி ஆண்டு முழுவதும் முட்டையிடுகிறது. ஆகவே சீக்கிரம் தளர்ந்துவிடுவது உண்மைதான். ஆனால் மழை ஓயாமல் பெய்தாலும், பூ இல்லாமல் பட்டினி கிடந்தாலும், மெழுகுப்பூச்சி புகுந்தாலும் பெட்டி இளைக்கும். அந்தக் குற்றத்தையெல்லாம் ராணியின் தலையில் போடலாமா?

ஒரு வெயில் நாளில் அடையை எடுத்துப் பாருங்கள். நல்ல ராணி இருந்தால், மூடிய புழு அறைகள் பாய் விரித்தாற்போல் இடைவெளியில்லாமல் இருக்கும். கிழ ராணியின் அடை பொக்கை வாய் போல் நடுநடுவே காலியாகக் கிடக்கும். வேலைக்காரத் தேனீக்கான சிறு அறைகளில் மூடி புடைத்துக்கொண்டு ஆண் ஈக்கள் வளர்ந்தால், ராணியிடம் விந்து தீர்ந்துவருகிறது என்று பொருள். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால், பெரும்பாலும் ராணியே இல்லை. வேலைக்காரிகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. அந்தப் பெட்டியை வேறு நல்ல பெட்டியோடு சேர்ப்பதே மேல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடையின் நடுப்பகுதியில் ஒன்றிரண்டு ராணி அறைகள் மட்டும் தொங்கினால், கிழவியை மாற்ற ஈக்களே முடிவு செய்துவிட்டன. நீங்கள் கை வைக்காதீர்கள். அடையின் கீழ் ஓரத்தில் வரிசையாகப் பல அறைகள் இருந்தால் அது வேறு சங்கதி. கூட்டம் பிரிந்து பறக்கத் தயாராகிறது. ராணி தளர்ந்துவிட்டது என்று இதைப் பார்த்து முடிவு கட்டுவது பலர் செய்யும் தவறு.

சரி, ராணி தளர்ந்துவிட்டது, ஈக்களும் ஒன்றும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இன்று நசுக்கினால் என்ன ஆகும்? ஈக்கள் இளம் புழு ஒன்றுக்கு அரசக்கூழ் ஊட்டிப் புது ராணி வெளிவரப் பத்துப் பன்னிரண்டு நாள். அது பறந்துபோய் ஆண் ஈக்களோடு சேர்ந்து முட்டையிட இன்னும் பத்து நாள் போல. அந்த முட்டை ஈயாக மேலும் ஏறக்குறைய இருபது நாள். ஆக நாற்பது நாள்! பழைய ராணி இட்ட முட்டைகள் முதல் இருபது நாளைக்குத்தான் ஈடு கொடுக்கும். மீதி நாளில் பெட்டியில் கிழட்டு ஈக்கள் மட்டுமே. அதற்கிடையில் அடைமழை பிடித்துக்கொண்டால் புது ராணி வெளியே பறக்க முடியாது. நானும் ஒரு தீபாவளி மழையில் இப்படி அவசரப்பட்டு ஒரு பெட்டியை வெறும் பலகையாக்கியவன்தான்.

காத்திருக்க வேண்டிய நாளைக் குறைக்க ஒரு வழி உண்டு. உங்களிடமோ தெரிந்தவரிடமோ உள்ள நல்ல பெட்டியில், அதிகம் கொட்டாத, தேன் நிறையச் சேர்க்கிற கூட்டத்தில், நுனி பழுப்பேறி முதிர்ந்த ராணி அறை ஒன்றைத் தேடுங்கள். சுற்றியுள்ள அடைத் துண்டோடு அறுத்தெடுங்கள். குலுக்கக் கூடாது, தலைகீழாகத் திருப்பவும் கூடாது.

அதற்கு முதல் நாளே கிழ ராணியை உங்கள் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். மாமியாரும் மருமகளுமாவது ஒரே சமையற்கட்டில் எப்படியோ காலம் தள்ளிவிடுவார்கள். ராணி இருக்கும் பெட்டியில் அந்நிய ராணி அறையைப் பெரும்பாலும் ஈக்களே கிழித்துவிடும். ஆனால் எடுத்த ராணியை நசுக்காதீர்கள். ஈக்கள் மொய்த்த ஓர் அடையோடு சின்னப் பெட்டி ஒன்றில் அதைக் குடிவையுங்கள். மறுநாள் புது அறையைப் பெரிய பெட்டியின் நடு அடையில் பதித்துவிட்டு, இரண்டு வாரம் திறக்காமல் விடுங்கள். "என்ன ஆச்சோ" என்று தினமும் திறந்து பார்த்தால் கூட்டமே ஓடிப்போகும். நம் தேனீக்கு அந்தக் கோபம் அதிகம்.

பிறகு ஒரு காலை வெயிலில் அடையைச் சாய்த்துப் பாருங்கள். அறைக்கு ஒன்றாக வெள்ளை முட்டை தெரிந்தால், கிழ ராணியை அப்போது நீக்கிவிட்டு, சின்னப் பெட்டியின் ஈக்களைப் பெரிய பெட்டியோடு சேர்த்துவிடலாம். முட்டையைக் காணோமென்றால் இன்னும் ஒரு வாரம் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால், பெட்டியை அலசிப் பார்த்துப் புது ராணி இல்லை என்று தெரிந்த பிறகு, கிழவியையே திரும்ப அழைத்துவரலாம்.