கல்லூரியின் இணையதளமும் உண்மையுரைத்தலும்

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை இன்று கல்லூரிகள் செறிந்த பகுதிகளாகும். தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 1984-இல் வழி திறக்கப்பட்டது. பின்னர் ஆவடியில் 1997-இல் வேல்டெக் கல்லூரியும், பூந்தமல்லியை அடுத்து 2000-இல் பனிமலர் பொறியியல் கல்லூரியும் தோன்றின. இப்பகுதிச் சபைகளில் ஊழியஞ்செய்வோரிடம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், பெற்றோர் கைப்பேசியில் ஒரு கல்லூரியின் பக்கத்தைத் திறந்துகாட்டி, “இதில் சேர்க்கலாமா, ஐயா?” என்று கேட்பது இயல்பு. ஆகவே அப்பக்கத்தின் தன்மையை நாம் அறிந்திருத்தல் நலம்.

2018-க்கு முன் பொறியியல் கலந்தாய்வுக்கு மாணவர் பெற்றோருடன் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்திற்கு நேரில் வந்து இடந்தெரிந்தனர். அவ்வாண்டு முதல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. விருப்பக் கல்லூரிகளின் பட்டியல் வீட்டிலிருந்தோ கணினி மையத்திலிருந்தோ பதிவு செய்யப்படுகிறது. இதனால், கல்லூரியை நேரில் காணாத குடும்பத்திற்கு அதன் இணையதளமே வாயிலாகிவிட்டது. அதை நம்பியே பலர் கல்விக்கடனும் பெறுகின்றனர்.

கல்லூரி இணையத்தில் பேசும் பேச்சு இருவகைப்படும். ஒன்று அறிக்கை, மற்றொன்று அழைப்பு. இணையதளம் அறிக்கைக்கு உரியது. கட்டணம், ஆசிரியர் விவரம், அங்கீகாரம் முதலியவற்றை அதில் வெளியிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழுவும், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் பணித்துள்ளன. முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப் போன்ற சமூக ஊடகங்கள் அழைப்புக்கு உரியவை. அழைப்பு, அறிக்கையிலுள்ளதற்கு மிஞ்சிப் பேசும்போதே தீங்கு பிறக்கிறது.

இதற்கு இரு எடுத்துக்காட்டுகள் காண்போம். முதலாவது, பெயர். நிகர்நிலை நிறுவனங்கள் தம் பெயரில் ‘பல்கலைக்கழகம்’ என்று மட்டும் எழுதலாகாது என உச்சநீதிமன்றம் 2017-இல் தடுத்தது. ‘நிகர்நிலை’ என்பது விளங்கவேண்டும். இரண்டாவது, வேலைவாய்ப்பு. ஒரே மாணவர் மூன்று பணி ஆணைகள் பெற்றால், ஆணைகளின் எண்ணிக்கை மூன்று. வேலை பெற்றவரோ ஒருவரே. எனவேதான் இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறைகள், வேலை பெற்றோர் தொகையோடு அவ்வகுப்பில் தேறியோர் மொத்தத் தொகையையும் காட்டவேண்டும் என்கின்றன. கடந்தகாலப் பதிவு வருங்கால வேலைக்கு உறுதியன்று என்ற குறிப்பையும் கோருகின்றன. பகுதியைச் சொல்லி முழுமையை மறைத்தல், எழுத்தளவில் பொய்யாகாவிடினும், பொய்ச்சாட்சியின் பயனையே விளைவிக்கும்.

திருச்சபையின் கல்லூரிகளில் இப்பக்கங்களைப் பேணுவோர் கருதத்தக்கவை மூன்று. முதலாவதாக, முதல் தலைமுறையாகக் கல்லூரி காணும் வீட்டாருக்கு விளங்குமாறு, விடுதி, பேருந்துக் கட்டணங்கள் உட்பட ஆண்டுச் செலவு முழுவதையும் தமிழிலும் தருக. கைப்பேசியில் எளிதில் திறக்கும் ஒரு பக்கமே இதற்குப் போதும். இரண்டாவதாக, சமூக ஊடகத்தில் கேட்கப்படும் கேள்விக்குப் பொறுப்பாளர் ஒருவர் விடை தருக. கசப்பான கேள்வியை அழித்துவிடுதல் விடையாகாது. மூன்றாவதாக, மாணவர் படத்தை அவர் இசைவின்றி வெளியிடாதீர். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதோரைப் பிள்ளைகளாகவே கொண்டு, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. முதலாண்டு மாணவர் பலர் இவ்வயதினரே.

ஆலோசனை நாடும் பெற்றோருக்கு ஆயர் கல்லூரியைத் தெரிந்து கொடுக்க வேண்டியதில்லை. அவர்களோடு அமர்ந்து, அங்கீகாரம் யாது, நான்காண்டுச் செலவு எவ்வளவு, தேறியோருள் வேலை பெற்றோர் எத்தனை பேர் என்னும் மூன்றையும் அப்பக்கத்திலேயே தேடிப்பார்க்கலாம். விடை அங்குக் காணப்படாவிடின், பட்டியலைப் பதிவு செய்யுமுன் ஒருமுறை நேரில் சென்று கேட்டுவருமாறு கூறுதல் தகும். அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு மின்தொடர் வண்டியில் சில நிலையங்களே.