ஊசியைப் பிடித்திருப்பது யார்?

1930-ல் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தங்கள் கைரேகையைப் பதிவு செய்யும் புதிய ஏற்பாட்டை அவர்கள் ஏற்கவில்லை. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்து, உயிரைப் பணயம் வைத்துப் பூமிக்கடியில் இறங்கிய மனிதர்கள் விரலில் படும் மைக்கா அஞ்சியிருப்பார்கள்? தங்கம் கடத்துகிறார்களோ என்று தங்களைச் சோதனையிட்டு வந்த நிர்வாகம் இப்போது ரேகையும் கேட்டால், எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும். தடுப்பூசித் தயக்கத்தை ஆராய்கிறவர்கள் தேடுவதும் இதுபோன்ற பழைய கணக்குகளைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி. தமிழ்நாட்டில் முகாம் சூடுபிடிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவிவிட்டன. பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

தட்டம்மையிடம் இந்தத் தயக்கம் எடுபடாது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கியிருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். தங்கவயலின் சாம்பியன் ரீஃபிலும் மாரிக்குப்பத்திலும் சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் லைன் வீடுகளை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும். அதனால்தான் நூற்றுக்கு 95 குழந்தைகளாவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு வியப்பும் உண்டு. தடுப்பூசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகளின் இரத்தத்தை, தட்டம்மை வருவதற்கு முன்னும் வந்த பின்னும் சோதித்த ஆய்வு 2019-ல் வெளியானது. மற்ற நோய்களை எதிர்க்க உடல் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்திருந்தன. உடல் கற்றிருந்த பாடங்களையே தட்டம்மை மறக்கடித்துவிடுகிறது. தடுப்பூசி அப்படிச் செய்வதில்லை.

இவ்வளவையும் எடுத்துச் சொன்னால் தயக்கம் தீர்ந்துவிடுமா? சென்னையில் பணியாற்றிய பொதுச் சுகாதார ஆய்வாளர் டாக்டர் விஜயபிரசாத் கோபிச்சந்திரன் வேறிடத்திலிருந்து தொடங்கினார். மக்கள் ஒரு மருத்துவரை எதை வைத்து நம்புகிறார்கள் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் நகரங்களிலும் அவர்களிடமே கேட்டார். திறமை மட்டும் பதிலாக வரவில்லை. கையில் காசில்லாவிட்டாலும் இங்கே வைத்தியம் கிடைக்கும் என்ற உறுதியும் வந்தது. நம்மவர், நம்மை மதிக்கிறவர் என்ற எண்ணமும் வந்தது. 2017 முகாமை ஒட்டி, தடுப்பூசி மீதான பொதுமக்களின் நம்பிக்கை பற்றி இந்திய மருத்துவ அறவியல் இதழில் அவர் எழுதினார். ஊசியை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை. அதைப் பிடித்திருக்கும் கையையும், அந்தக் கைக்குப் பின்னால் நிற்கும் அமைப்பையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2014-ல் தயக்கத்துக்கு மூன்று வேர்களைச் சொன்னது: நம்பிக்கைக் குறைவு, நமக்கெங்கே வரப்போகிறது என்ற அசட்டை, வசதியின்மை. மூன்றாவதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயல்காரர்கள் ஆயிரக்கணக்கில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறார்கள். பகல் பதினொரு மணி முகாமுக்குக் குழந்தையைத் தூக்கிவர வீட்டில் யார் இருப்பார்கள்? ஒருநாள் கூலியை விட முடியாத தாயை "விழிப்புணர்வு இல்லாதவள்" என்று ஏட்டில் எழுதுவது அநியாயம்.

நம்பிக்கை சரிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதன்பின் அரசு, ஊருக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் நிலையங்களுக்கு மாற்றியது. பாதுகாப்பை எண்ணிச் செய்ததுதான், ஆனால் தூரம் கூடியது. தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளும் பெற்ற குழந்தைகள் 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 81 சதவீதம், 2015-16ல் 70. முழுச் சரிவுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். அச்சமும் தூரமும் சேர்ந்தால் எவ்வளவு இழக்க நேரும் என்பதற்கு இது ஓர் அடையாளம். 2019-21ல் அது 89-க்கு ஏறியது.

இழந்ததை மீட்கும் வேலை செவிலியரின் கையிலிருந்து தொடங்குகிறது. தடுப்பு மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் சிறு சதுரமும் அச்சாகியிருக்கும். மருந்து வெப்பத்தில் கிடக்கக் கிடக்க, வெளிர்நிறச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் குப்பியைத் தூக்கி எறிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட ஒரு பார்வையில் சரிபார்த்துவிடலாம். கேட்காமலே காட்டுகிற செவிலியர்கள் இருக்கிறார்கள்.

ஊசி போட்டதும் தாயிடம் நான்கு செய்திகள் சொல்ல வேண்டும் என்பது விதி: இது எந்த நோய்க்கு, அடுத்து எப்போது வரவேண்டும், என்ன பக்கவிளைவு வரலாம், அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். நெரிசலில் மூன்றாவதுதான் முதலில் விடுபடும். "இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் அடிக்கலாம்மா, பயப்படாதீங்க, அதிகமானா எனக்குப் போன் பண்ணுங்க" என்று செவிலியர் சொல்லக் கேட்டுவிட்டுப் போன தாய், நள்ளிரவில் குழந்தையின் உடம்பு சுட்டால் போனை எடுப்பாள். கேட்காத தாய்க்கு, வாட்ஸ்அப்பில் வந்தது உண்மைதான் என்று அந்தக் காய்ச்சலே சொல்லிவிடும்.