ஜெயிச்சுக்கிட்டே இருந்தாலும் ஸ்பான்சர் போகலாம்: ஒரு சைக்கிள் டீம் கேம் காட்டுற சம்பளக் கணக்கு



வழக்கமா மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ், வீட்டுக் கடன்னு பேசுற இடத்துல இன்னைக்கு ஒரு வீடியோ கேம் பத்திப் பேசப் போறோம். இதுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நிறைய இருக்கு. யாரோ ஒருத்தர் தர்ற பணத்துல இருபது, முப்பது பேருக்குச் சம்பளம் குடுத்து ஒரு வருஷத்தை ஓட்டணும். அதுதான் ஆட்டமே. ஒரே சம்பளத்துல குடும்பம் நடத்துற யாருக்கும் இந்தக் கஷ்டம் புதுசா இருக்காது.

கேம் பேரு ப்ரோ சைக்கிளிங் மேனேஜர். பிரான்ஸில் உள்ள சியானைட் ஸ்டுடியோ செய்வது. வருஷா வருஷம் டூர் டி பிரான்ஸ் தொடங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி புதுப் பதிப்பு வரும். இதுல நீங்க சைக்கிள் மிதிக்கப் போறதில்லை. நீங்கதான் டீம் மேனேஜர். யாரை எடுக்கிறது, யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரை எந்தப் போட்டிக்கு அனுப்புறது, எப்போ பயிற்சி, எப்போ ஓய்வுன்னு எல்லாமே உங்க முடிவு. இதை ஒரே போட்டியோட நிறுத்தாம, சீசன் சீசனா வருஷக்கணக்குல நடத்துறதுதான் கரியர் மோட்.

வருமானம் எங்கிருந்து வருது?

கிரிக்கெட்டுன்னா டிக்கெட் காசு இருக்கு, டிவி உரிமைப் பணத்துல டீமுக்குப் பங்கு இருக்கு. சைக்கிள் பந்தயத்துல கதையே வேற. பந்தயம் நடக்கிறது பொது ரோட்டுல. மலைமேல நின்னு பார்க்கிற லட்சக்கணக்கான பேர்ல யாரும் டிக்கெட் வாங்கினவங்க இல்ல. டிவி உரிமைப் பணம் பெரும்பாலும் போட்டியை நடத்துறவங்களுக்குத்தான் போகுது. டூர் டி பிரான்ஸை நடத்துறது ஏஎஸ்ஓ என்ற பிரெஞ்சு நிறுவனம்.

சரி, பரிசுப் பணம்? டூர் டி பிரான்ஸ்ல முதலிடம் வந்தா 5 லட்சம் யூரோ. ஒரு நாள் ஸ்டேஜ் ஜெயிச்சா 11,000 யூரோ. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பணத்தை ஜெயிச்சவர் தனியா எடுத்துட்டுப் போறதில்லை. கூட ஓடின வீரர்கள், மெக்கானிக், மசாஜ் செய்யுறவர்னு எல்லாரும் பங்கு போட்டுக்கிறதுதான் வழக்கம். பெரிய டீம்களோட வருஷச் செலவு கோடிக்கணக்கான யூரோ. அதுக்கு முன்னாடி இந்தப் பரிசுத் தொகை தீபாவளி போனஸ் மாதிரி. வந்தா சந்தோஷம், அதை நம்பி இஎம்ஐ போட முடியாது.

ஆக, வருமானம்னா ஸ்பான்சர் தர்ற பணம்தான். அதனாலதான் டீம் பேரே ஸ்பான்சர் பேரா இருக்கு. கேம்லயும் இதேதான். சீசன் தொடக்கத்துல ஸ்பான்சர் ஒரு பட்டியல் குடுப்பார்: இந்தப் போட்டியில முதல் பத்துக்குள்ள வரணும், அந்தப் போட்டியில ஒரு ஸ்டேஜ் ஜெயிக்கணும். நிறைவேத்தினா நம்பிக்கை கூடும், அடுத்த ஒப்பந்தத்துல பட்ஜெட்டும் கூட வாய்ப்பிருக்கு. கோட்டை விட்டா, ஒப்பந்தம் முடியும்போது நீங்க வேற ஸ்பான்சர் தேடணும். ஆபீஸ்ல அப்ரைசல்னு சொல்றோமே, அதேதான்.

செலவு எங்கே மாட்டிக்குது?

முதல் முறை கரியர் ஆரம்பிக்கிற நிறைய பேர் பண்ற வேலை, கையில பட்ஜெட்டைப் பார்த்ததும் ஒரு ஸ்டார் வீரரை எடுக்கிறது. வயசு 31, மூணு வருஷ ஒப்பந்தம், பெரிய சம்பளம். முதல் வருஷம் அமர்க்களமா இருக்கும். ரெண்டாவது வருஷம் வயசு காரணமா அவரோட மதிப்பெண் இறங்கும். சம்பளம் மட்டும் இறங்காது. மூணாவது வருஷம் அவர் மலையில பின்தங்கிடுவார், ஆனா மாசம் பிறந்தா அவருக்குப் பணம் போயே ஆகணும்.

இதை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? சம்பள உயர்வு வந்த மாசமே ஏழு வருஷக் கடன்ல எடுக்கிற கார் இதுதான். ஷோரூம்ல இருந்து வெளிய வந்ததுமே அதோட மதிப்பு இறங்க ஆரம்பிக்குது, தவணை மட்டும் கடைசி வரைக்கும் அதே தொகைதான்.

அந்தப் பணத்துல கேம்ல வேற என்ன பண்ணலாம்? 20, 21 வயசு வீரர்களை எடுக்கலாம். இன்னைக்கு அவங்களால பெருசா ஜெயிக்க முடியாது. ஆனா கேம் ஒவ்வொருத்தருக்கும் மலை, சமதளம், ஸ்பிரிண்ட், டைம் ட்ரையல், கல் பாவிய ரோடுன்னு தனித்தனி மதிப்பெண் வச்சிருக்கு. கூடவே எவ்வளவு தூரம் வளர முடியும்ங்கிற திறன் அளவும் இருக்கு. குறைஞ்ச சம்பளத்துல எடுத்து, சரியான பயிற்சி குடுத்து, மூணு நாலு சீசன் பொறுமையா இருந்தா அவங்கதான் உங்க டீமோட முதுகெலும்பு. எஸ்ஐபி போடுறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். எல்லா இளைஞரும் வளர மாட்டாங்க, சிலர் பாதியில நின்னுடுவாங்க. அதனால ஒரே ஒருத்தரை நம்பாம, நாலஞ்சு பேரா எடுக்கணும்.

இப்போ நிஜ உலகத்துக்கு வாங்க

‘நல்லா ஆடினா ஸ்பான்சர் ஏன் போகப் போறார்?’னு தோணும். இங்கதான் விஷயமே இருக்கு.

டீம் ஸ்கை என்ற பிரிட்டிஷ் டீம். 2012ல பிராட்லி விக்கின்ஸ், 2013, 2015, 2016, 2017ல கிறிஸ் ஃப்ரூம், 2018ல கெரைன்ட் தாமஸ். ஏழு வருஷத்துல ஆறு டூர் டி பிரான்ஸ். இதைவிட நல்ல அப்ரைசல் ரிப்போர்ட் யாருக்கும் கிடைக்காது. ஆறாவது வெற்றி கிடைச்ச அதே 2018 டிசம்பர்ல ஸ்கை நிறுவனம் அறிவிச்சது: 2019 முடிவோட நாங்க விலகுறோம். அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் அமெரிக்காவோட காம்காஸ்ட் நிறுவனம் ஸ்கையை வாங்கியிருந்தது. ரோட்டுல வீரர்கள் எவ்வளவு வேகமா மிதிச்சாங்கங்கிறதுக்கும், ஆபீஸ்ல முதலாளி மாறினதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அடுத்தது சிசிசி. போலந்து நாட்டுச் செருப்பு, ஷூ கடை நிறுவனம். 2020ல கொரோனா வந்து கடைகளை மூடினதும் அவங்க வியாபாரம் அடி வாங்கிச்சு. டீம்ல சம்பளக் குறைப்பு வந்துச்சு. வருஷக் கடைசியில ஸ்பான்சர்ஷிப்பும் முடிஞ்சது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல தங்கம் ஜெயிச்ச கிரெக் வான் அவெர்மாட் அந்த டீம்லதான் இருந்தார். அவரும் வேற டீமுக்கு மாற வேண்டியதாச்சு. செருப்பு விக்காததுக்கு அவர் என்ன பண்ணுவார்?

இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வைக்கிறதா இருந்தா இதை வைங்க: உங்க சம்பளம் நிக்கிறதுக்கு உங்க வேலைத் திறமை காரணமா இருக்கணும்னு அவசியமே இல்லை. கம்பெனி கைமாறலாம், கிளையன்ட் போகலாம், பிரிவையே மூடலாம். ‘நான் நல்லா வேலை செய்றேன், எனக்கு ஒண்ணும் ஆகாது’ங்கிறது பாதுகாப்புக் கணக்கு கிடையாது.

ரெண்டு டீம், ரெண்டு முடிவு

டீம் ஸ்கைக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஒரு வருஷம் முன்னாடியே தகவல் தெரிஞ்சதால தேட நேரம் இருந்துச்சு. 2019 மே மாசத்துல இருந்து ஐனியோஸ் புது ஸ்பான்சர். அதே ஜூலையில ஈகன் பெர்னால் அந்த டீமுக்காக டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சார்.

பி அண்ட் பி ஹோட்டல்ஸ் என்ற பிரெஞ்சு டீமுக்கு அந்த நேரம் கிடைக்கலை. அடுத்த சீசனுக்குப் பணம் வரும், வரும்னு காத்திருந்து, 2022 டிசம்பர்ல டீமையே மூடினாங்க. டிசம்பர்ல பெரும்பாலான டீம்கள்ல இடம் நிரம்பியிருக்கும். அந்த நேரத்துல வேலை தேடுற வீரர், குடுக்கிற சம்பளத்துக்குத் தலையாட்டியே ஆகணும்.

ரெண்டு டீமுக்கும் ஸ்பான்சர் போனார். ஒண்ணுக்குத் தேட நேரம் இருந்துச்சு, இன்னொண்ணுக்கு இல்லை. நம்ம வீட்டுக்கு அந்த நேரத்தை வாங்கித் தர்றதுதான் அவசர கால நிதி. நல்ல வேலை கிடைக்கிற வரைக்கும் மோசமான வேலைக்கு ‘வேணாம்’னு சொல்ற தைரியம் அந்தப் பணத்துல இருந்துதான் வருது.

சைக்கிள் உலகத்துல இதுக்கு விதியே இருக்கு. சர்வதேச அமைப்பான யுசிஐ, டீம்கள்கிட்ட வங்கி உத்தரவாதம் கேட்டு வாங்கி வச்சுக்குது. டீம் சம்பளம் குடுக்க முடியாமப் போனா, வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் அதுல இருந்து கொஞ்ச காலத்துக்காவது கிடைக்கும். நம்ம வீட்டுக்கு அப்படி விதி போட யாரும் வர மாட்டாங்க. நாமளேதான் போட்டுக்கணும்.

உங்க வீட்டு பட்ஜெட்டை மேனேஜரா பாருங்க

ஒரு உதாரணக் கணக்கு. மாசம் கைக்கு வர்றது 80,000 ரூபாய்னு வச்சுக்கோங்க.

வீட்டுக் கடன் 28,000
கார் கடன் 11,000
ஸ்கூல் ஃபீஸ், மாசக் கணக்குல 7,000
இன்சூரன்ஸ் பிரீமியம், மாசக் கணக்குல 5,000

மொத்தம் 51,000. இது கையெழுத்துப் போட்டாச்சு, குறைக்க முடியாது. மளிகை, கரண்ட், பெட்ரோல், மத்ததெல்லாம் 20,000. வேலை போனா இந்த 20,000ஐ இறுக்கிப் பிடிச்சு 14,000 ஆக்கலாம். அப்பவும் மாசம் 65,000 வேணும். பேங்க்ல 2 லட்சம் இருந்தா மூணு மாசம்தான் ஓடும். ஆறு மாசம் ஓடணும்னா 3,90,000 வேணும்.

இப்போ உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. பிறகு இந்த அஞ்சு வேலை:

1. கையெழுத்துப் போட்ட செலவைத் தனியா எழுதுங்க. அது சம்பளத்துல பாதியைத் தாண்டினா, புதுசா எந்தத் தவணையும் வேணாம்.

2. அவசர கால நிதியை ரூபாயில சொல்லாம மாசத்துல சொல்லுங்க. ‘என்கிட்ட 2 லட்சம் இருக்கு’ன்னா நிம்மதியா இருக்கும். ‘என்கிட்ட மூணு மாசம் இருக்கு’ன்னா உண்மை தெரியும். உடனே எடுக்கிற மாதிரி சேவிங்ஸ், எஃப்டி, லிக்விட் ஃபண்ட்ல வைங்க. பங்குச் சந்தையில வேணாம்.

3. கம்பெனி குடுக்கிற ஹெல்த் இன்சூரன்ஸ் பெரும்பாலும் வேலையோட போயிடும். ஸ்பான்சர் போனா டீம் பஸ்ஸும் போற மாதிரி. உங்க பேர்ல தனியா ஒரு பாலிசி இருக்கட்டும்.

4. போனஸ், இன்சென்டிவ் எல்லாம் பரிசுப் பணம். அதை வச்சு கடனை அடைங்க, நிதியைச் சேருங்க. அதை நம்பிப் புதுத் தவணை ஆரம்பிக்காதீங்க.

5. முதிர்வு தேதிகளைப் பிரிச்சு வைங்க. கேம்ல எல்லா வீரரோட ஒப்பந்தமும் ஒரே வருஷம் முடிஞ்சா, எல்லாரும் ஒண்ணா வந்து சம்பளம் ஏத்திக் கேப்பாங்க. எஃப்டியும் அப்படித்தான். ஒரே பெரிய எஃப்டிக்குப் பதில் நாலா பிரிச்சு, வேற வேற மாசத்துல முடியுற மாதிரி போட்டா, அவசரத்துக்கு ஒண்ணை மட்டும் உடைச்சாப் போதும்.

கேம் ஆடிப் பார்க்கிறவங்களுக்கு

முதல் முறையே பணக்கார டீமை எடுக்காதீங்க. இரண்டாம் நிலை டீம் ஒண்ணை எடுங்க, அப்பதான் ஒவ்வொரு யூரோவும் கண்ணுல படும். சீசன் முடியுற வரைக்குமான சம்பளத்தைக் கூட்டி எடுத்து வச்ச பிறகு மிச்சத்தைச் செலவு பண்ணுங்க. ஸ்பான்சர் பட்டியல்ல எது கண்டிப்பா முடியும்னு பார்த்து, உங்க சிறந்த வீரர்களை அங்கே அனுப்புங்க. எல்லாப் போட்டிக்கும் எல்லாரையும் அனுப்பினா ஜூலையில யார்கிட்டயும் தெம்பு இருக்காது.

இன்னொண்ணு, கஷ்டத்துல இருக்கிற டீம்ல நல்ல வீரர் இருந்தா கவனிச்சுட்டே இருங்க. எரித்ரியா நாட்டு பினியம் கிர்மாய் 2021ல டெல்கோங்கிற டீம்ல இருந்தார். அந்த டீம் பணக் கஷ்டத்துல மாட்டினதும், இன்டர்மார்ஷே டீம் அவரை சீசன் நடுவுலயே எடுத்துச்சு. அடுத்த வருஷம் கென்ட்-வெவல்கம் பந்தயத்தை ஜெயிச்சார். 2024 டூர் டி பிரான்ஸ்ல மூணு ஸ்டேஜும் பச்சை ஜெர்சியும் அவருக்குத்தான். கையில கொஞ்சம் மிச்சம் வச்சிருந்தாத்தான் இப்படி ஒரு வாய்ப்பு வரும்போது பிடிக்க முடியும்.

கேம்ல டீம் திவாலானா பழைய சேவ் ஃபைலைத் திறந்து திரும்ப ஆரம்பிக்கலாம். வீட்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுங்க, வீட்டுல இருக்கிறவங்களையும் பக்கத்துல உட்கார வைங்க, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்க: நாளைக்கே ஸ்பான்சர் விலகிட்டா, நம்ம டீம் எத்தனை மாசம் ஓடும்?