பாட்டுப் பட்டறையில் வளரும் பிள்ளைகள்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியைக் கேட்டறியாமலே, இதன் பொருளை ஒரு தொழிலாக நடத்தி உலகப் புகழ் பெற்றவர்கள் தென் கொரிய நாட்டில் இருக்கின்றனர். நம் தோழியர் பலர் இடைவேளையில் முணுமுணுக்கும் கொரியப் பாடல்கள் எவ்வாறு பிறக்கின்றன? அவற்றைப் பாடும் இளைஞரும் இளம்பெண்களும் எவ்வாறு உருவாகின்றனர்? இவற்றை அறிய, இத்துறைக்கு வழிகாட்டியாக விளங்கிய எஸ்.எம். என்டர்டெய்ன்மென்ட் என்னும் நிறுவனத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

தோற்றம்

இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் லீ சூ-மான் என்பவர். 1952-ஆம் ஆண்டில் பிறந்த இவர், 1970-களில் பாடகராகப் பெயர் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று கணினிப் பொறியியல் பயின்றார். பாட்டைக் கேட்பதோடு நில்லாமல், தொலைக்காட்சியில் நடனத்தோடு கண்டும் மகிழும் புதிய வழக்கம் அந்நாட்டில் பரவி வந்த காலம் அது. அதனை நேரிற் கண்ட இவர், 1985-இல் தாயகம் திரும்பினார். 1989-இல் சிறிய அளவில் தொடங்கிய இவரது முயற்சி, 1995-இல் முறையான நிறுவனமாக மலர்ந்தது.

அடுத்த ஆண்டே எச்.ஓ.டி. என்னும் ஐவர் குழு மேடையேறியது. பள்ளிகளில் நிகழும் வன்முறையைக் கண்டிக்கும் பாடலுடன் வந்த அவ்விளைஞர்களைக் கொரிய மாணவ மாணவியர் தம்மில் ஒருவராகவே கருதினர். 1997-இல் எஸ்.இ.எஸ். என்னும் மூன்று பெண்கள் குழு தோன்றி, பெண்களாலும் இத்துறையில் வெல்ல முடியும் என்பதை நிலைநாட்டியது.

பயிற்சி முறை

இங்கே பாடகர் தாமாக வந்து சேர்வதில்லை; தேடி எடுக்கப்பட்டு உருவாக்கப்படுகின்றனர். தேர்வில் வென்ற சிறுவர் சிறுமியர் 'பயிலுநர்' எனப்படுவர். பள்ளி முடிந்ததும் இவர்கள் பயிற்சிக் கூடத்திற்குச் சென்று பாட்டு, நடனம், நடிப்பு, அயல்மொழி ஆகியவற்றைக் கற்கின்றனர். செலவை நிறுவனமே ஏற்கிறது. எனினும் அரங்கேற்றம் எல்லார்க்கும் உறுதியன்று. பல ஆண்டுகள் பயின்றும் மேடை காணாமல் திரும்புவோர் பலர்.

போவா என்னும் பாடகியின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேர்வுக்குச் சென்ற தமையனுக்குத் துணையாகப் போன 11 வயதுச் சிறுமி அவர். தேர்ந்தெடுக்கப்பட்டவரோ தங்கை! இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், 13 வயதில், அரங்கேறினார். ஜப்பானிய மொழியைக் கற்று அந்நாட்டிலும் பாடினார். 2002-இல் அவரது இசைத்தொகுப்பு ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கொரியர் ஒருவர் அவ்விடத்தை எய்தியது அதுவே முதன்முறை. 2007-இல் தோன்றிய கேர்ல்ஸ் ஜெனரேஷன் என்னும் ஒன்பதின்மர் குழுவிலோ, ஏழாண்டுகள் பயிற்சி பெற்ற பின்னரே மேடை கண்டவரும் இருந்தனர்.

பாடலும் இவ்வாறே பல கைகளின் உழைப்பால் உருவாகிறது. 1998-இல் எஸ்.இ.எஸ். குழு பாடிய புகழ்பெற்ற பாடல் ஒன்றின் மெட்டு பின்லாந்து நாட்டிலிருந்து வந்தது. மெட்டு ஓரிடம், சொல் ஓரிடம், நடனம் ஓரிடம் என உலகெங்கும் தேடிச் சேர்க்கும் இம்முறைக்கு லீ சூ-மான் 'பண்பாட்டுத் தொழில்நுட்பம்' எனப் பெயரிட்டார். சூப்பர் ஜூனியர், ஷைனி, எக்ஸோ, ரெட் வெல்வெட், என்.சி.டி., ஈஸ்பா முதலிய குழுக்கள் யாவும் இப்பட்டறையில் உருவானவையே. 2011-இல் பாரிஸ் நகரில் இந்நிறுவனக் குழுக்களின் நிகழ்ச்சிக்கு இடம் கிடைக்காத இரசிகர்கள், இன்னொரு நாள் வேண்டும் என்று லூவர் அருங்காட்சியகத்தின் முன் கூடிக் கேட்டுப் பெற்றனர் என்றால், இதன் செல்வாக்கை நாம் உணரலாம்.

நாணயத்தின் மறுபக்கம்

ஒளி உள்ள இடத்தில் நிழலும் உண்டு. 2003-இல் தோன்றிய டி.வி.எக்ஸ்.க்யூ. என்னும் ஐவர் குழுவினர் 13 ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தால் கட்டுண்டிருந்தனர். அக்குழுவினருள் மூவர் 2009-இல் நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் தனித்துத் தொழில் செய்வதை நிறுவனம் தடுக்கலாகாது என இடைக்கால ஆணை பிறந்தது. 2012-இல் இரு தரப்பினரும் சமரசம் செய்துகொண்டனர். வழக்குத் தொடர்ந்த அதே 2009-ஆம் ஆண்டில், கொரிய அரசின் நேர்மை வணிக ஆணையம், கலைஞர் ஒப்பந்தம் ஏழாண்டுக்கு மேற்படாதவாறு ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது.

நிறுவனம் மட்டுமன்றி, இரசிகர் கூட்டமும் துன்பம் தருவதுண்டு. எஃப்.எக்ஸ். என்னும் குழுவில் முன்னர் இருந்த பாடகி ஒருவர், முகம் காட்டாதோர் இணையத்தில் எழுதிய இழிசொற்களால் நெடுநாள் வருந்தினார். 2019 அக்டோபரில், 25 வயதில், அவர் மறைந்தார். நாடே கலங்கியது. டவும் என்னும் கொரிய இணையத்தளம் அம்மாதமே கலையுலகச் செய்திகளின் கீழ்க் கருத்தெழுதும் பகுதியை மூடிவிட்டது. நேவர் என்னும் பெருந்தளம் 2020 மார்ச்சில் அதனைப் பின்பற்றியது. விரல் நுனியால் எழுதும் சொல்லும் சுடும் என்பதை அந்நாடு பெரும் விலை கொடுத்தே கற்றது.

பாட்டின் பயன்

ஆயினும் இப்பாடல்கள் வெறும் வாணிகப் பொருள்கள் என்று தள்ளிவிடவும் இயலவில்லை. 2016-ஆம் ஆண்டுக் கோடையில், சியோலின் ஈவா பெண்கள் பல்கலைக்கழக மாணவியர், நிர்வாகத்தின் புதிய கல்லூரித் திட்டம் ஒன்றை எதிர்த்து வளாகத்தில் அமர்ந்தனர். காவலர் பெருந்திரளாக உள்ளே வந்தனர். கைகோத்து நின்ற அம்மாணவியர் அப்போது ஒருங்கே பாடியது, கேர்ல்ஸ் ஜெனரேஷன் குழுவின் அரங்கேற்றப் பாடலைத்தான். புதிய உலகை நோக்கி நடப்பதைக் கூறும் பாடல் அது. சில நாட்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. விற்பனைக்கென்று செய்த பாட்டு, அஞ்சி நின்ற பெண்களுக்கு ஊன்றுகோலாயிற்று!

நிறுவனமும் மாறியது. 2023-இல் பெரும் போட்டிக்குப் பின் ககாவோ நிறுவனம் அதன் முதன்மைப் பங்குதாரராயிற்று. தோற்றுவித்தவரின் ஆட்சி முடிவுற்றது. ஆனால் புதிய குழுக்கள் வருவது நிற்கவில்லை. 2025-இல் ஹார்ட்ஸ் டூ ஹார்ட்ஸ் என்னும் எண்மர் குழு அரங்கேறியது.

நாம் கற்பது யாது? மூன்று நிமிடப் பாட்டின் பின்னால் எத்தனையோ ஆண்டுகளின் வியர்வை இருக்கிறது. அவ்வுழைப்பு நமக்கும் வேண்டும். அதே வேளையில், இளமையில் வளைப்பது வேறு, ஒடிப்பது வேறு என்பதையும் மறவாதிருப்போம். கொரியப் பாடலை விரும்பிக் கேட்போம். அதைப் பாடுபவரும் நம்மைப் போல் ஒரு வீட்டுப் பிள்ளையே என நினைந்து, அவரைப் பற்றிப் பேசும் சொல்லிலும் எழுதும் சொல்லிலும் அன்பு காப்போம்.