பழைய காரைப் பேணுதல்: வீட்டில் செய்யத்தக்கவையும் தகாதவையும்

இந்தியச் சாலைகளில் நீண்ட காலம் இரண்டு கார்களே பெரும்பான்மையாகக் காணப்பட்டன. ஒன்று, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர். மற்றொன்று, மும்பையின் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த பத்மினி. முன்னதற்கு இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும், பின்னதற்கு இத்தாலியின் ஃபியட் 1100-உம் மூலமாகும். பத்மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டையொட்டி முடிவுற்றது. அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சியும் 20 ஆண்டு வரம்பை எட்டி 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது.

ஆயினும் வீடுகளிலிருந்து இவை முற்றிலும் மறைந்துவிடவில்லை. தந்தையோ பாட்டனாரோ வாங்கிய காரை விற்க மனமின்றிப் பேணி வருவோர் நம் வாடிக்கையாளர்களிலும் உள்ளனர். நாமும் அவர்களுள் ஒருவரே. 1987-இல் எம் தந்தையார் வங்கிக் கடன் பெற்று வாங்கிய பத்மினி, இன்று மும்பையில் எமது குடியிருப்பின் நிறுத்தத்தில் நிற்கிறது. அதனைப் பேணுவதில் நாம் கற்றவற்றையும் தவறியவற்றையும் இங்கே தொகுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் ஆவணம், பிறகு ஆயுதம்

ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் பதிவுச் சான்றை எடுத்துப் பார்த்தல் வேண்டும். தந்தையார் மறைந்த பின்னர் நாம் அப்புத்தகத்தைப் பிரித்தபோது, கடன் கொடுத்த வங்கியின் பெயர் அதில் அப்படியே இருக்கக் கண்டோம். கடன் தீர்ந்து பல்லாண்டுகள் ஆகியும் அடைமானப் பதிவு நீக்கப்படவில்லை. நாள்தோறும் பிறருக்கு இதனை நினைவூட்டும் நமக்கே இந்நிலை நேர்ந்தது சற்று நாணத்தைத் தந்தது.

கடனை அடைப்பதும் அடைமானப் பதிவை நீக்குவதும் வெவ்வேறு செயல்கள். வங்கியின் தடையின்மைச் சான்றும், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-உம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளிக்கப்பட்டால்தான் அப்பதிவு நீங்கும். கடன் கொடுத்த வங்கி இன்று வேறொரு வங்கியுடன் இணைந்திருப்பின், இணைந்த வங்கியே சான்றை வழங்கும். கடன் முடித்த ரசீது கையிலிருந்தால் பணி எளிதாகும். எமக்கு அந்த ரசீது, காரின் முன்பெட்டியில் தந்தையார் வைத்திருந்த பராமரிப்புக் குறிப்பேட்டின் உறைக்குள் கிடைத்தது.

உரிமையாளர் மறைந்தால், வாரிசு 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வாயிலாகப் பெயர் மாற்றம் கோர வேண்டும். காப்பீட்டு ஆவணமும் மறைவு நாளிலிருந்து மூன்று மாதங்கள் வரையோ, அதன் காலம் முடியும் வரையோ, எது முந்தியதோ அதுவரை மட்டுமே செல்லும். அதன் பிறகு விபத்து நேரின் இழப்பு முழுவதும் குடும்பத்தின் தலைமேல் விழும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் வாகனத்தைச் சோதனைக்குக் காட்டி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காரின் வயது ஏற ஏறக் கட்டணமும் உயரும். மாநிலத்தின் சூழல் வரியும் சேரக்கூடும். தில்லியிலும் அதன் சுற்று வட்டாரத்திலும் பழைய வாகனங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆதலின் இடம் மாற்றலாகிச் செல்வோர் முன்கூட்டியே விசாரித்துக் கொள்வது நலம்.

50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் கார்களுக்கு 2021-இல் தனி விதி வந்தது. அவற்றுக்கு 'விஏ' என்னும் எழுத்துகளைத் தாங்கிய பதிவெண் வழங்கப்படுகிறது. ஆனால் அத்தகைய காரை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே அனுமதி உண்டு. இப்பதிவைப் பெறுமுன் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

பழைய காரின் நற்பண்பு அதன் எளிமை. கணினி இல்லை, உணர்விகள் இல்லை. பெரும்பாலான கோளாறுகளைக் கண்ணாலும் காதாலும் அறியலாம்.

மாதம் ஒருமுறை எஞ்சின் ஆயிலின் அளவையும், ரேடியேட்டர் நீரையும், பிரேக் எண்ணெயின் மட்டத்தையும் பார்த்தல் வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். குழாய் நீரிலுள்ள உப்புகள் உள்ளே படிந்து குளிர்விப்பைக் குறைக்குமாதலால், காய்ச்சி வடித்த நீருடன் கூலன்ட் கலந்து ஊற்றுவதே சிறந்தது. ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு உண்டா என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும்.

பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ பசுமையாகவோ பூத்திருப்பின் வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவலாம். கழற்றும்போது காரின் உடலோடு இணைந்த முனையை முதலில் கழற்றுக. பூட்டும்போது அதனை இறுதியில் பூட்டுக. மற்ற முனையை முதலில் தொட்டால், ஸ்பானர் உடலில் பட்டு மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளிருக்கும் பாயிண்டுகள் காலப்போக்கில் கருகும். அவற்றின் இடைவெளியும் மாறும். கையேட்டில் குறித்த அளவு பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. ஃபீலர் கேஜ் கொண்டு அதனைச் சரிசெய்வது அரைமணி நேர வேலை. பிளக்குகளையும் அப்போதே கழற்றிப் பார்க்கலாம். அவற்றின் முனை இளம்பழுப்பாக இருப்பின் எஞ்சின் நலமாக உள்ளது. கரிபடிந்திருப்பின் கார்புரேட்டர் பெட்ரோலை மிகுதியாகத் தருகிறது. எண்ணெய்ப்பசை இருப்பின் எஞ்சினுள் ஆயில் எரிகிறது. இவ்வொரு சோதனையே பல நூறு ரூபாய்ச் செலவை முன்கூட்டி உணர்த்தும்.

டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஏமாறலாகாது. ஓடாமல் நிற்கும் காரின் டயர் தேய்வதில்லை. ஆனால் ரப்பர் முதுமையடைகிறது. பக்கச் சுவரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்பு நாளைக் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள்.

எரிபொருளும் துருவும்

இப்போது விற்பனையாகும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. பத்மினியும் அம்பாசடரும் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இக்கலவை இல்லை. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும், பெட்ரோல் பம்பின் உட்தகட்டையும் இளகச் செய்யும். காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தொட்டியில் துருவையும் உண்டாக்கும். சூடான எஞ்சின் மீது பெட்ரோல் ஒழுகினால் நேர்வது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. எனவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிப் பொருத்துவதே பழைய கார் வைத்திருப்போர் செய்ய வேண்டிய முதற்செலவு. பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் தேங்க விடாது, வாரம் ஒருமுறையேனும் காரை ஓட்டுதல் நன்று.

அடுத்த பகை துரு. கடற்காற்றும் நான்கு மாத மழையும் உள்ள மும்பை போன்ற நகரில் அது ஓய்வதே இல்லை. கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கான சிறு துளைகள் உண்டு. தூசி அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தங்கிக் கதவை அரிக்கும். ஒரு மெல்லிய கம்பியால் அவற்றைக் குத்திவிடுவதற்குக் காசு வேண்டியதில்லை. தரைவிரிப்பை ஆண்டுக்கு இருமுறை எடுத்து, கீழேயுள்ள தகடு காய்ந்துள்ளதா என நோக்குக. பத்மினி போன்ற கார்களில் தனிச் சட்டம் கிடையாது. உடலே சட்டமாக நின்று சுமையைத் தாங்குகிறது. ஆகவே தரைத்தகடு அரித்தால் கெடுவது அழகு மட்டுமன்று, காரின் வலிமையும்தான்.

வீட்டில் தொடலாகாதவை

இவ்விடத்தில் எமது தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, பிரேக் எண்ணெய் குறைந்திருக்கக் கண்டு, அலமாரியில் பெயர் ஒட்டாதிருந்த டின்னிலிருந்து சிறிது ஊற்றி நிரப்பினோம். அது எஞ்சின் ஆயில். பிரேக்கின் ரப்பர் வாசர்கள் கனிம எண்ணெயில் ஊறினால் பருத்துவிடும். மூன்றாம் நாள், மகளை அருகில் அமர்த்திக்கொண்டு மேம்பாலம் ஒன்றின் இறக்கத்தில் வருகையில் பிரேக் பெடல் இறுகிப்போனது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, காரை ஓரமாக நிறுத்தினோம். எவருக்கும் தீங்கில்லை. மாஸ்டர் சிலிண்டர் முதல் நான்கு சக்கரங்களின் சிலிண்டர்கள் வரை அனைத்தையும் பிரித்து, ரப்பர்களைப் புதிதாக மாற்ற நேர்ந்தது. அன்று முதல் எம் வீட்டில் பெயரற்ற டின் எதுவும் இல்லை.

இதனின்று நாம் வகுத்துக்கொண்ட நெறி ஒன்று உண்டு. தவறினால் கார் நின்றுபோகும் வேலையை நாமே செய்யலாம். தவறினால் கார் நில்லாது போகும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், சக்கரத் தாங்கிகள், பெட்ரோல் தொட்டியில் வெல்டிங் ஆகியவை இரண்டாம் வகையைச் சார்ந்தவை. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுமாதலால், குறையாவிடினும் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றச் சொல்லுதல் வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் புகுதல் எக்காலத்தும் கூடாது. சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின் மேல் காரை இருத்திய பின்னரே கீழே செல்க.

உதிரிபாகமும் முன்பணமும்

நிறுவனம் மூடிய பின்னும் உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. குர்லாவின் சி.எஸ்.டி. சாலைக் கடைகளிலும் சோர் பஜாரிலும் பொறுமையாகத் தேடுவோர்க்குப் பலவும் அகப்படும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குவதே சிறந்த முறை.

இணையத்திலும் சமூக ஊடகங்களிலும் இவை விளம்பரமாகின்றன. அரிய பொருளைத் தேடுவோரின் ஆவலே ஏய்ப்போரின் முதலீடு. காண முடியாத பொருளுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி எவரேனும் யுபிஐ பின் எண்ணை இடச் சொன்னால் உடனே விலகுங்கள்; பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்கும் உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.

செலவுக்கு ஒரு கணக்கு

பழைய காரின் செலவு மாதந்தோறும் சீராக வருவதில்லை. எட்டு மாதம் ஒன்றுமிராது. ஒன்பதாம் மாதம் கிளட்ச்சோ ரேடியேட்டரோ பெருந்தொகை கேட்கும். அப்போது கடன் அட்டையை நீட்டி நிலுவை வைத்தால், அதற்கான வட்டி மாதத்துக்கு 3 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். இதற்கு மாற்றாக, நாம் மாதம் 2,000 ரூபாயைத் தனித் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி வருகிறோம். செலவு நேராத ஆண்டில் அது சேமிப்பாகிறது; நேர்ந்த ஆண்டில் குடும்ப வரவு செலவைக் காக்கிறது.

காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில், ஐந்தாண்டுகளைக் கடந்த காரின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி உடன்பட்டே குறிக்கின்றனர். அண்மையில் செய்த பழுதுகளின் ரசீதுகளும் ஒளிப்படங்களும் கையிலிருந்தால் அப்பேச்சில் உங்கள் நிலை வலுப்பெறும்.

ஆதலால் ஒரு குறிப்பேடு இன்றியமையாதது. நாள், ஓடிய கிலோமீட்டர், செய்த பணி, ஆன செலவு ஆகிய நான்கையும் எழுதிவந்தால் போதும். எம் தந்தையாரின் குறிப்பேட்டில் 1987 முதல் ஒவ்வோர் ஆயில் மாற்றமும் பதிவாகியுள்ளது. கடன் தவணையின் இறுதி ரசீதையும் அவர் அதனுள் வைத்திருந்ததால்தான் அடைமானப் பதிவை அலைச்சலின்றி நீக்க முடிந்தது. இப்போது அதே குறிப்பேட்டில் அவரது எழுத்துக்குக் கீழே நாம் எழுதிவருகிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கார் இருக்குமாயின், இந்த வாரமே அதன் பதிவுச் சான்றை எடுத்துப் பாருங்கள். அதில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தால், கடன் ரசீதுடன் கிளைக்கு வாருங்கள்.