கை நடுங்குமுன் மனம் சோரும்

திருநெல்வேலி குறுக்குத்துறைக்கு விடியுமுன் குளிக்கப் போகிற பெரியவர் ஒருவர் போவதை நிறுத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, காலும் நன்றாக நடக்கிறது. கேட்டால் "பிடிக்கல" என்கிறார். "அப்பா யார்ட்டயும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்காவ" என்று வீட்டில் பேச்சு. சில வருஷம் கழித்து, சும்மா இருக்கும்போது வலது கைக் கட்டைவிரல் மாத்திரை உருட்டுவதுபோல ஆடுகிறது. பார்க்கின்சன் என்கிறார் டாக்டர்.

நோய் வந்த கவலையில் மனசு விட்டுப்போச்சு என்பார்கள். கவலையும் இருக்கும்தான். ஆனால் இவருக்கு மனசு விட்டுப்போனது முதலில், கை ஆடியது பிறகு. பார்க்கின்சன்காரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. அது பல நேரம் நோயின் ஒரு பாகமே.

நடுமூளையில் கருத்த நிறமுள்ள ஒரு சிறு பகுதி டோபமைனைச் சுரக்கிறது. அந்தச் செல்கள் அழிவதால்தான் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது. ஆசையும் உற்சாகமும் பிறக்கவும் டோபமைன் வேண்டும். அதற்குக் கீழே, மூளைத்தண்டில், செரட்டோனினும் நார்அட்ரினலினும் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. தூக்கம், மனநிலை, விழிப்பு எல்லாம் அவற்றைச் சார்ந்தவை. ஜெர்மனியின் ஹைகோ பிராக் குழுவினர், இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 2003இல் ஒரு கருத்தைச் சொன்னார்கள்: செல்லுக்குள் திரளும் ஒரு புரதம் அந்தக் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலே ஏறுகிறது. எல்லாருக்கும் இதே வரிசை இல்லை. ஆனாலும் மனம் ஏன் முந்திச் சோர்கிறது என்பது இதில் விளங்குகிறது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சர்ப்பகந்தியும், அசைவும் மனநிலையும் இதே ரசாயனங்களைச் சார்ந்தவை என்பதற்குச் சாட்சி சொல்லும். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டு, ரத்தக் கொதிப்புக்கு மருந்தானது. மேலே சொன்ன மூன்று ரசாயனங்களின் இருப்பையும் அது காலி செய்துவிடும். சாப்பிட்டவர்களில் சிலருக்கு உடல் இறுகி நடை மந்தமானது. சிலர் மனம் சோர்ந்ததாகவும் அன்றைய மருத்துவர்கள் எழுதினார்கள். மனச்சோர்வு விஷயத்தில் பிற்பாடு கருத்து வேறுபாடு எழுந்தது. 1957இல் ஆர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து முயல்களை அசையாமல் கிடக்க வைத்தார். டோபமைனாக மாறும் எல்-டோபாவை ஊசி போட்டதும் அவை எழுந்தன. அந்த எல்-டோபா பூனைக்காலி விதையில் இருப்பதை 1937இலேயே சென்னையில் கண்டிருந்தார்கள். அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி, டாக்டர் தரும் பார்க்கின்சன் மாத்திரையோடு சேர்த்து நீங்களாகச் சாப்பிட வேண்டாம். அளவு தப்பிவிடும்.

வீட்டுக்காரர்களைக் குழப்புவது முகம். பார்க்கின்சன் முகத் தசையையும் இறுக்குகிறது. பேரன் மடியில் ஏறும்போது உள்ளே சந்தோஷம் இருந்தாலும் உதடு விரியாது, கண் சிமிட்டுவதும் குறையும். மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று கோபப்படாதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள்: எதிலாவது ஆசை இருக்கிறதா, விடியற்காலம் விழிப்பு வருகிறதா, மாத்திரை வேகம் இறங்கும் நேரத்தில் மனமும் இறங்குகிறதா? இருந்தது போதும் என்று சொன்னால் அதைப் புலம்பல் என்று தள்ளவே கூடாது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

இந்தச் சோர்வுக்கு மருந்து உண்டு, பேச்சு சிகிச்சை உண்டு, தினசரி நடையும் உதவும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகும்போது கை நடுக்கத்தோடு, அவர் படித்துறைக்குப் போவதை எந்த வருஷம் நிறுத்தினார் என்பதையும் சொல்லுங்கள்.