வரைபடம் நம் உழைப்பு, சாவி யாரிடம்?

லண்டனின் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் புதிதாகத் திறந்த கடையையோ ஸ்ட்ரெதம் காமனின் நடைபாதையையோ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் சேர்க்கும் தமிழர் யாராக இருந்தாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதன் டொமைன், சர்வர், பெயர் எல்லாம் யார் கையில்?

திறந்த மூல உரிமம் நிரலையும் தரவையும் மட்டுமே காக்கும். பெயரும் முகவரியும் கடவுச்சொல்லும் அதில் அடங்கா. நிரலாளர்கள் கூடிப் பேசிய ஃப்ரீநோடு அரட்டை வலையமைப்புக்கு நேர்ந்தது இதுதான். ஆண்டுக்கணக்காக அதை நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். பெயரோ பிரிட்டனில் பதிவான ஒரு நிறுவனத்திடம் இருந்தது. 2017இல் அந்த நிறுவனம் தொழிலதிபர் ஆண்ட்ரூ லீயிடம் கைமாறியது. யாருக்கு அதிகாரம் என்ற தகராறு 2021இல் முற்றியது. மே 19 அன்று தன்னார்வலர்கள் வெளியேறி லிபெரா சாட் தொடங்கினார்கள். அங்கே குடிபெயர்வதாக அறிவித்த நூற்றுக்கணக்கான குழுக்களின் அரட்டை அறைகள் ஒரு வாரத்துக்குள் பறிக்கப்பட்டன. உழைத்தவர்களுக்கு மிஞ்சியது வெளியேறும் உரிமை மட்டும். அதுவும் பெரிய உரிமைதான், ஆனால் பழைய பெயரைத் தேடி வருபவர் புது வீட்டுக்கு வந்து சேர மாட்டார்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் நிலை வேறு. 2004இல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு 2006இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. அது பங்குகளே இல்லாத, உறுப்பினர்கள் வாக்களித்து நடத்தும் நிறுவனம். அங்கும் கசப்பு உண்டு. 2012இல் உரிமம் மாறியபோது, புதிய விதிகளை ஏற்காதவர்களின் திருத்தங்கள் நீக்கப்பட்டன. ஆனால் அந்த விதிகளிலேயே ஒரு காப்பும் இருக்கிறது. இனி உரிமத்தை மாற்றுவதென்றால் புதியதும் கட்டற்றதாகவே இருக்க வேண்டும். உறுப்பினர் வாக்கெடுப்பும், தொடர்ந்து பங்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதலும் வேண்டும். முழுத் தரவையும் யாரும் எப்போதும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் மென்பொருள், மின்னூல், எழுத்துரு என்று குழுவாக உழைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பதிவு செய்யாத குழு இங்கிலாந்துச் சட்டப்படி தன் பெயரில் சொத்து வைத்திருக்க முடியாது. டொமைன் கடைசியில் ஒரு தனிமனிதர் பெயரில்தான் நிற்கும். நாளை அவர் மனம் மாறினாலோ மறைந்தாலோ குழு தெருவில் நிற்கும். கோயிலுக்கு நிலம் வாங்கும்போது பத்திரம் யார் பெயரில் என்று கேட்காமல் விடுவோமா? அறநிறுவனமாகவோ சமூகநல நிறுவனமாகவோ பதிந்தால், சொத்தைத் தனியார் லாபத்துக்குக் கடத்துவதைச் சட்டமே தடுக்கும். சாதாரணத் தனியார் நிறுவனத்தில் அந்தப் பூட்டு தானாக வராது. யார் இயக்குநர், யார் கட்டுப்பாடு என்பதைக் கம்பெனிஸ் ஹவுஸ் பதிவேட்டில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அறநிறுவனத்தில் முறைகேடு என்றால் சாரிட்டி கமிஷனிடம் புகார் செய்யலாம்.

நிர்வாகக் கடவுச்சொல் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். தரவின் நகல் வேறு இடத்தில் இருக்கட்டும். ஒருவரை நீக்குவது எப்படி என்பதைச் சண்டை வருமுன்பே எழுதி வையுங்கள்.

வரைபடக்காரர்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. கடந்த 365 நாள்களில் 42 நாள்களாவது திருத்தம் செய்தவர் கட்டணமின்றி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். உறுப்பினரானால் இயக்குநர் குழுத் தேர்தலில் அவருக்கும் வாக்கு உண்டு.